சத்தமில்லாத டேப்பட்: ஒரு சிடி 100 நாட்குறிப்பு

மே 3, 2025, சனி. கரூர்

சித்தப்பாவின் ஹீரோ ஹோண்டா சிடி 100 நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. காலையில் லேசாக உதைத்தாலே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. கொஞ்ச தூரம் ஓடிச் சூடேறியதும் தொல்லை ஆரம்பம்: சிக்னலில் நின்றால் அணைகிறது, மறுபடி உதைத்தால் கிக்கரில் எதிர்ப்பே இல்லை. ஒரு பட்டறையில் கார்புரேட்டரைக் கழுவி, ப்ளக்கையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கூடவே டேப்பட் சத்தத்தையும், அதாவது எஞ்சின் வால்வை அழுத்தும் திருகு போடும் டிக் டிக்கையும், "சுத்தமாக எடுத்துவிட்டார்களாம்". எனக்கு உறுத்துவது அந்தக் கடைசி வேலைதான்.

"சத்தமே இல்லாம ஓடுது கண்ணு, அதைப் போய் எதுக்குத் தொறக்கற?"

"அதுக்காகத்தானுங்க சித்தப்பா தொறக்கறேன்."

காற்றும் பெட்ரோலும் உள்ளே வர இன்டேக், புகை வெளியே போக எக்ஸாஸ்ட் என்று எஞ்சினுக்கு இரண்டு வால்வு, இரண்டுமே திறந்து மூடும் கதவுகள். வால்வின் தண்டு முனைக்கும் அதை அழுத்தும் ராக்கர் ஆர்முக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டுத்தான் எஞ்சினைச் செய்திருக்கிறார்கள். இந்த வண்டிக்கு இரண்டு வால்வுக்கும் 0.05 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். அந்த இடம் இருப்பதால்தான் லேசான டிக் டிக் கேட்கிறது. சத்தத்தைக் கொல்கிறேன் என்று டேப்பட் திருகை இறுக்கினால், சூட்டில் நீளும் வால்வு தன் இருக்கையில் முழுதாக உட்காராமல் போகும். கம்ப்ரஷன், அதாவது உள்ளே அமுக்கப்பட்ட காற்றின் அழுத்தம், அந்த இடுக்கில் கசிந்துவிடும். வண்டி சூடான பிறகுதான் அணைகிறது என்பது இதோடு பொருந்திப் போகிறது.

சாயங்காலம் பஜாரில், இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் ஒரு செட் வாங்கினேன். 0.05 தகடு அதில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். காருக்கென்று விற்கும் சில செட்டில் அவ்வளவு மெல்லிய தகடு இருக்காது.

மே 4, ஞாயிறு

இன்று அக்னி நட்சத்திரம் தொடக்கம். எஞ்சின் 35 டிகிரிக்குக் கீழே இருக்கும்போதுதான் இந்த அளவைப் பார்க்க வேண்டும் என்பது ஹோண்டாவின் விதி. கரூரில் மே மாதப் பகலில் காற்றே அதைத் தாண்டிவிடும். அதனால் ராத்திரி முழுக்க வண்டியை ஆறவிட்டு, விடியற்காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு ப்ளக்கைக் கழற்றியாயிற்று. இடது பக்கம் மேக்னெட்டோ கவரில் இரண்டு மூடிகள். நடு மூடி வழியாக எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க்கைத் திருப்பலாம், மேல் மூடி வழியாகக் குறி தெரியும். திருப்புவது எப்போதும் வண்டி முன்னால் ஓடும் திசையில்தான், அதாவது இடது பக்கமிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிராக. முதலில் F வரும், அது இக்னிஷன் டைமிங்குக்கான குறி. அதை விட்டுவிட்டு அடுத்து வரும் T-யை, பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் குறியை, கவரிலுள்ள வெட்டுக்கு நேராக நிறுத்த வேண்டும்.

இங்கேதான் நிதானம் வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் T இரண்டு முறை வரும். கம்ப்ரஷன் முடியும் இடத்தில் இரண்டு வால்வும் மூடியிருக்கும். எக்ஸாஸ்ட் முடியும் இடத்தில் இரண்டுமே கொஞ்சம் திறந்திருக்கும், அங்கே அளந்தால் எல்லாம் தப்பு. ராக்கரை விரலால் ஆட்டிப் பார், ஆடினால் சரியான இடம் என்று சொல்வார்கள். ஆனால் டேப்பட் இறுகிப் போன வண்டியில் ராக்கர் எந்த இடத்திலும் ஆடாது. அதனால் இன்டேக் வால்வைக் கவனித்தேன். அது அழுந்தித் திறந்து, திரும்ப மேலே வந்து மூடியதும் அடுத்து வரும் T தான் நமக்கு வேண்டியது. ப்ளக் துளையைக் கட்டைவிரலால் அடைத்துத் திருப்பினால், காற்று விரலைத் தள்ளுவதும் தெரியும்.

சிடி 100 எஞ்சின் படுத்த வாக்கில் இருப்பது. ஆகவே இன்டேக் மூடி மேலே, எக்ஸாஸ்ட் மூடி அடியில். அடியிலுள்ளதைக் கழற்றியதும் உள்ளே தங்கிய ஆயில் வழியும், கிண்ணம் வைத்துவிட்டுக் கழற்றுவது நல்லது.

இன்டேக்கில் 0.05 தகடு லேசான பிடிப்போடு போய் வந்தது, 0.10 நுழையவில்லை. அதைத் தொட வேண்டியதில்லை. எக்ஸாஸ்ட்டில் 0.05-இன் முனைகூட நுழையவில்லை. திருகைப் பூட்டும் லாக் நட்டைத் தளர்த்தி, திருகைத் துளித்துளியாகப் பின்னால் விட்டு, தகடு உள்ளே இருக்கும்போதே நட்டை இறுக்கினேன். நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே சுற்றப் பார்க்கும், அதை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். இறுக்கிய பிறகு கிராங்க்கை இரண்டு சுற்று சுற்றி, T-க்கு வந்து மறுபடி அளந்த அளவுதான் கணக்கு.

இரண்டு மூடிக்கும் புது ஓ-ரிங் போட்டேன். பழையது தகரம் மாதிரி விறைத்திருந்தது.

மே 6, செவ்வாய்

டிக் டிக் திரும்பிவிட்டது. சித்தப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மத்தியான வெயிலில் பரமத்தி வரை போய்த் திரும்பியும் வண்டி ஒருமுறைகூட அணையவில்லை.

அவரிடம் பொறுமையாகச் சொன்னேன்: எக்ஸாஸ்ட் வால்வு வாங்கும் சூட்டில் பெரும்பகுதி, அது மூடியிருக்கும் நேரத்தில் இருக்கை வழியாகத்தான் வால்வுகள் உட்காரும் தலைப்பகுதியான ஹெட்டுக்கு இறங்குகிறது. 4000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 2000 முறை திறந்து மூடுகிற பொருளுக்கு, ஆற அந்த இடைவேளை மட்டும்தான். அதையும் பிடுங்கிக்கொண்டால் விளிம்பு கருகும். பிறகு டேப்பட்டை எவ்வளவு தளர்த்தினாலும் பயனில்லை. தளர்ந்த டேப்பட் சத்தம் போட்டு நம்மைக் கூப்பிடும், இறுகியது சொல்லாமல் வால்வைத் தின்னும். பட்டறைகளில் வாடிக்கையாளர் சத்தத்தைத்தான் குறை சொல்கிறார், மெக்கானிக்கும் சத்தத்தைக் குறைத்து அனுப்புகிறார். அளக்காமல் குத்துமதிப்பாக டேப்பட் வைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

மே 11, ஞாயிறு

கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. முதல், இரண்டாம் கியர்தான் பெரும்பாலும். மேலே போய்ச் சேர்ந்ததும் அணைத்து உடனே உதைத்துப் பார்த்தேன், கிக்கர் காலை எதிர்த்தது. அந்த எதிர்ப்பு எவ்வளவு சந்தோஷம்!

மே 18, ஞாயிறு

ஆறிய எஞ்சினில் திரும்ப அளந்தேன். இன்டேக் அப்படியே இருக்கிறது. எக்ஸாஸ்ட்டில் 0.05 இப்போது கஷ்டப்பட்டுத்தான் நுழைகிறது. லாக் நட் கொஞ்சமும் தளரவில்லை, திருகும் நகரவில்லை. அப்படியென்றால் வால்வுதான் இருக்கைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. இறுகி ஓடிய நாட்களில் விளிம்பு கெட்டிருக்கலாம், இருக்கையும் தேய்ந்திருக்கலாம். ஹெட்டைக் கழற்றாமல் எதுவென்று தெரியாது.

இன்றைக்கு மறுபடி 0.05 வைத்துவிட்டேன். சித்தப்பாவிடம் தறிக்குப் போய்வர மட்டும் ஓட்டச் சொல்லியிருக்கிறேன். ஹெட் கேஸ்கெட்டும் எக்ஸாஸ்ட் வால்வும் வால்வு சீலும் நாளைக்கு வாங்க வேண்டும். அடுத்த ஞாயிறு ஹெட் இறங்குகிறது. வால்வை இருக்கையோடு தேய்த்துப் பொருத்தும் லேப்பிங் பேஸ்ட் வீட்டிலேயே இருக்கிறது.