மரப்பெரணிக் கன்றை எப்போது வெளியே வைக்கலாம்? ஊட்டியில் செய்து பார்த்தது

பிப்ரவரி முடிந்து உறைபனி நின்றதும், உள்ளே வைத்திருந்த தொட்டிகளை ஊட்டியில் எல்லாரும் வெளியே எடுத்துவிடுவார்கள். என் மரப்பெரணிக் கன்றை மட்டும் மே பாதி வரை கண்ணாடி வராந்தாவிலேயே வைத்திருந்தேன். மார்ச், ஏப்ரலில் குளிர் குறைந்தாலும் காற்று வறண்டு கிடக்கும். 2,200 மீட்டர் உயரத்து வெயில் சுள்ளென்று அடிக்கும். சோலைக்குள் ஓடைக்கரையில் வளர்கிற இனத்துக்கு வறண்ட காற்றுதான் எமன்.

இதன் தாவரவியல் பெயர் சையாத்தியா ஜைஜான்டியா. இலைக்காம்பு கிட்டத்தட்டக் கறுப்பு. நர்சரியில் வாங்கிய கன்று (சோலையில் தோண்டி எடுக்கவே கூடாது). தண்டு இன்னும் எழும்பவில்லை, குருத்து மண்ணை ஒட்டியே இருக்கிறது. வளர்ந்த மரத்துக்குத் தண்டைச் சுற்றி வேர் பின்னிக் கவசம்போல நிற்கும். கன்றுக்கு அது கிடையாது.

மே மாதம் கோடை மழை நன்றாகப் பெய்து, மூட்டம் இறங்கத் தொடங்கியது. குருத்தைக் குனிந்து பார்த்தேன். பழுப்புச் செதில் போர்த்திய இலைச் சுருள்கள், விரல் நுனி அளவில், இன்னும் அவிழாமல் இருந்தன. நான் காத்திருந்தது இதற்குத்தான். வீட்டுக்குள் விரிந்த இலை மெல்லிசு, வெளி வெளிச்சத்தில் கருகும். வெளியிலேயே அவிழ்கிற இலை அந்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் தக்கபடி தடித்து வரும்.

முதலில் பகலில் மட்டும் வெளியே, ராத்திரி உள்ளே. ஒரு வாரம், பத்து நாள் பழகியபின் முழுநேரமும் வெளியே. இடம், வீட்டின் கிழக்குச் சுவரோரம். வடக்குச் சுவரை நிழல் என்று நம்பவேண்டாம், மே முதல் ஜூலை வரை இங்கே உச்சி வெயில் வடக்கிலிருந்து விழும். கிழக்கில் காலை வெயில் மட்டுந்தான். அதையும் பேரி மரம் வடிகட்டிவிடுகிறது. ஜூனில் தென்மேற்குக் காற்று வீசும்போது சுவரே தடுப்பு. இளஞ்சுருள் அந்தக் காற்றில் சட்டென்று முறியும், அதனால் இட விஷயத்தில் நான் கறார்.

பழைய இலைகளின் ஓரம் கொஞ்சம் பழுத்தது. பச்சை இருக்கிறவரை செடிக்கு உணவு தரும் என்பதால் வெட்டவில்லை. புது இலைகள் காம்பு குட்டையாக, கரும்பச்சையாக விரிந்திருக்கின்றன. மண் ஒருநாளும் காயவிடுவதில்லை. மக்கிய இலையும் தேங்காய் நார்க்கழிவும் கலந்ததால் ஈரம் நிற்கிறது.

இந்த வருஷம் கன்றைத் தரையில் நட மாட்டேன். டிசம்பரில் உறைபனி படாமலிருக்க, தாவரவியல் பூங்காவில் செய்வதுபோல மிலார் என்கிற செடியால் மூடி, தொட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்கலாம் என்றிருக்கிறேன். தலைகுந்தா, காந்தல் மாதிரிப் பள்ளத்தில் வீடு இருந்தால் மிலார் போதாது, உறைபனி அங்கேதான் படியும். தொட்டியை உள்ளே எடுத்துவிடுங்கள்.