திட்டம் மாறினாலும் ரயில் இருக்க வேண்டும்

பெங்களூரிலிருந்து சென்னைக்குப் போகவே 60 நாளுக்கு முன் பிருந்தாவனிலோ சதாப்தியிலோ இடம் பிடித்துவிடும் பழக்கம் நமக்கு. அதனால்தானோ என்னவோ, அல்சூரில் இருக்கும் என் உறவினர்கள் பலரும் ஐரோப்பாவைக் குழுச் சுற்றுலாவின் கொடிக்குப் பின்னால் நடந்துதான் பார்த்திருக்கிறார்கள். நானும் என் மனைவியும் அப்படிப் போவதில்லை. நாளை எந்த ஊர் என்பதை இன்று இரவு உணவின்போது முடிவு செய்வதே எங்கள் வழக்கம். இதைக் கேட்கிறவர்கள் துணிச்சல் என்கிறார்கள். துணிச்சலுக்கு இதில் பெரிய வேலை இல்லை. எந்த நாட்டின் ரயில்வே அதற்கு இடம் கொடுக்கும் என்று தெரிந்திருந்தால் போதும்.

முதலில் விசா. பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது பயணத் திட்டம், தங்குமிடச் சான்று, குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு ஆகியவற்றைக் காட்ட வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். எனவே நாங்கள் ஒரு நாட்டை முதன்மையாக வைத்துக்கொண்டு, அங்கே கழிக்கும் நாட்களைக் குறைக்காமல் மற்றவற்றை மட்டுமே மாற்றுகிறோம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாரீஸில் இருக்கும்போது லண்டன் ஆசை வந்தால், பிரிட்டன் விசா இல்லாமல் லண்டனுக்கு ஓடும் யூரோஸ்டார் ரயிலில் ஏற முடியாது. அந்த விசா கையில் இருந்தாலும், ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவதற்கு மட்டுமானது என்றால் திரும்பி வர வழியில்லை. மாறாக, குரோஷியா 2023 முதல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டதால், வியன்னாவிலிருந்து ஜாக்ரெபுக்குத் திடீரென்று கிளம்புவதில் சிக்கல் எதுவும் இல்லை.

திட்டமில்லாத பயணிக்கு ஐரோப்பாவிலேயே மிகவும் இசைவான நாடு ஸ்விட்சர்லாந்து என்பது என் உறுதியான கருத்து. செலவு கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் 1982 முதல் அங்கே நாடு முழுவதற்குமான ரயில் அட்டவணை கடிகாரத்தை ஒட்டி அமைந்திருக்கிறது: ஒரு தடத்தில் ஒவ்வொரு மணி நேரமும் அதே நிமிடத்தில் ரயில் புறப்படும், முக்கியத் தடங்களில் அரை மணிக்கு ஒன்று. பெரிய நிலையங்களில் பல திசை ரயில்களும் முழு மணிக்குச் சற்று முன்பாக வந்து சேர்ந்து, பயணிகள் மாறி ஏறியதும் சற்றுப் பின்பாகக் கிளம்பிவிடுகின்றன. இந்த ஏற்பாடு குலையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே ஜூரிக், பெர்ன் நகரங்களுக்கு இடையிலான பயணத்தை ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவரும் புதிய பாதையை 2004இல் திறந்தார்கள். இன்னும் வேகமாக ஓட்ட வேண்டும் என்பதல்ல, இணைப்பு ரயில் தவறக் கூடாது என்பதே அவர்கள் கணக்கு. சாதாரண டிக்கெட்டில் அந்த நாளில் அந்தத் தடத்தின் எந்த ரயிலிலும் ஏறலாம். காலை உணவை நிதானமாக முடித்துவிட்டு, லுசெர்னா இன்டர்லாக்கெனா என்பதை நடைமேடையில் நின்றுகூட முடிவு செய்யலாம்.

பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி ஆகிய நாடுகளின் அதிவேக ரயில்களில் கதை வேறு. அவற்றில் இருக்கை முன்பதிவு கட்டாயம். ஐரோப்பாவுக்கு வெளியே வசிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கான, பல நாட்டு ரயில்களிலும் செல்லும் யூரெயில் பாஸ் கையில் இருந்தாலும் தனியாகப் பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். பாஸ் வைத்திருப்போருக்கு பிரான்சின் டிஜிவி எனப்படும் அதிவேக ரயில்களில் குறிப்பிட்ட அளவு இடங்களையே ஒதுக்குகிறார்கள். கோடையில் அவை விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே "பாஸ் எடுத்தால் எங்கும் ஏறலாம்" என்று நம்மூர் முகவர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் அந்தப் பேச்சு பெரும்பாலும் பொருந்தும். இத்தாலியில் அவசரம் இல்லாதவர்கள் ரெஜியோனாலே எனப்படும் வட்டார ரயில்களை நாடலாம்: முன்பதிவு கிடையாது, கடைசி நேரத்தில் வாங்கினாலும் அதே விலை.

ஜெர்மனியில் மலிவு டிக்கெட் வாங்கினால் குறிப்பிட்ட ரயிலோடு கட்டுண்டு போவோம். இருப்பினும் சேருமிடத்தை 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாக அடைவோம் என்ற நிலை வந்தால் அந்தக் கட்டு நீங்கி, வேறு ரயிலில் போகலாம். 2024இல் அங்கே நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதமே நேரத்துக்கு ஓடின என்பதால், இந்தச் சலுகை அடிக்கடியே கைகொடுக்கிறது!

தங்குமிடத்தைப் பொறுத்தவரை, முதல் இரண்டு இரவுகளையும் கடைசி இரவையும் உறுதி செய்துவிட்டு, இடையில் உள்ளவற்றை இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு எடுக்கிறோம். அக்டோபர்ஃபெஸ்ட் என்னும் பீர் திருவிழாச் சமயத்தில் மியூனிக்கில் இது பலிக்காது. சில இடங்கள் மனம் மாறுகிறவர்களைப் பொறுத்துக்கொள்வதே இல்லை: ஆம்ஸ்டர்டாமின் ஆன் ஃபிராங்க் இல்ல அருங்காட்சியகத்துக்கான டிக்கெட்டை ஆறு வாரத்துக்கு முன்பே இணையத்தில் வாங்க வேண்டியிருக்கிறது, வெனிஸ் நகரமோ 2025இல், குறிப்பிட்ட நாட்களில் பகல் நேரத்துக்கு மட்டும் வந்துபோகிறவர்களிடம் முன்கூட்டிப் பதிவு செய்தால் 5 யூரோ, கடைசி நாட்களில் பதிவு செய்தால் 10 யூரோ என்று வாங்கியது.

அடுத்த முறை அத்தையும் மாமாவும் எங்களோடு வருகிறார்கள். மாமாவுக்கு முழங்கால் வலி, அத்தைக்கு எதுவும் எழுதிக் கையில் இருந்தால்தான் தூக்கம் வரும். ஆகவே பாரீஸில் அறை, ரயில், அருங்காட்சியகம் எல்லாவற்றையும் தேதியோடு அச்செடுத்துக் கொடுத்துவிட்டேன். ஸ்விட்சர்லாந்துக்கு உரிய பக்கத்தில் அறைகளின் முகவரிகள் மட்டுமே இருக்கின்றன. மீதி இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று அத்தை இரண்டு முறை கேட்டுவிட்டார்.