செவ்வாய்க்கிழமைகளில் சலூனுக்குப் போனோம்

என் மகனுக்கு மூன்றாம் வயதில் குலதெய்வக் கோயிலில் முடி இறக்கினோம். என் தம்பி, தாய்மாமன் முறைக்கு, அவனை மடியில் வைத்துக்கொண்டான். இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொண்டார்கள், ஒருவர் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டார். தலையில் தண்ணீர் தெளித்தபோது தொடங்கிய அலறல், சந்தனம் பூசி முடித்த பிறகும் நிற்கவில்லை. "எந்தப் பிள்ளை அழாமல் முடி கொடுத்தது?" என்றார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். அன்று அவன் யாரையும் கடிக்கவில்லை. தன் முன்கையையே கடித்துக்கொண்டான். அந்தப் பல்தடம் ஒரு வாரம் வரை மறையவில்லை.

அதற்குப் பிறகு அவன் தலையை யாரும் தொட முடியவில்லை. எண்ணெய் வைக்க முடியாது, தலைக்குத் தண்ணீர் ஊற்ற முடியாது. சீப்பைக் கையில் எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். முடி கண்ணை மறைக்கத் தொடங்கியதும், அவன் தூங்கும்போது அவன் அப்பா கைப்பேசி வெளிச்சத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிவிடுவார். எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் காலையில் கழுத்திலும் தலையணையிலும் முடித் துணுக்குகள் குத்த, அவன் எழுந்து அழுவான். சில மாதங்களில் தூங்கவே பயந்தான். படுக்கையை விரித்தால் வாசலுக்கு ஓடினான். தூங்கினால் யாரோ தன்னை ஏதோ செய்கிறார்கள் என்று அந்தப் பிள்ளை கண்டுபிடித்திருந்தான். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்னபோது அவனுக்கு மூன்று வயது நான்கு மாதம். "ஆண் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகத்தான் வரும்" என்று காத்திருந்ததில் ஓராண்டு போயிருந்தது. பதற்றத்தில் முதலில் ஒரு தனியார் மையத்தில் சேர்த்தோம். 45 நிமிடத்துக்கு 600 ரூபாய். ஒரு வருடத்தில் மற்றப் பிள்ளைகளைப் போல ஆக்கிவிடுவதாகச் சொன்னார்கள். பிள்ளையை உள்ளே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார்கள், நாங்கள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழுகையைக் கேட்டுக்கொண்டிருப்போம். உள்ளே என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "ஒத்துழைக்கிறான்" என்பார்கள். ஐந்தாம் மாதம் பஸ் அந்தத் தெருவில் திரும்பும்போதே வாந்தி எடுக்க ஆரம்பித்தான். அன்றோடு நிறுத்தினோம். புதிதாக இந்த வழியில் வரும் பெற்றோருக்கு ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்வேன். உங்களை உள்ளே உட்கார விடாத இடத்தில், என்ன இலக்கு என்று விளக்காத இடத்தில், குணமாக்கிவிடுவோம் என்று வாக்குக் கொடுக்கிற இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

அரசு மையத்தைப் பற்றிச் சொன்னவர் எங்கள் தெரு அங்கன்வாடி அக்கா. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ், வளர்ச்சியில் சிரமம் உள்ள பிள்ளைகளைச் சீக்கிரமே கண்டறிந்து பயிற்சி கொடுக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் மாவட்டந்தோறும் வந்திருக்கின்றன. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்க்கிறார்கள், கட்டணம் இல்லை. கோவில்பட்டியிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்து மாவட்டத் தலைநகருக்குப் போவோம். வரிசை நீளம்தான். முதல் தேதி கிடைக்க மூன்று மாதம் ஆனது.

பலகையில் தொழில்சார் சிகிச்சை என்று எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் ஆக்குபேஷனல் தெரபி, பெற்றோர் எல்லோரும் சுருக்கமாக ஓ.டி. என்றுதான் சொல்வார்கள். "இந்த வயதில் இவனுக்கு என்ன தொழில் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள்?" என்று என் அத்தை கவலையோடு கேட்டார். அன்று எனக்கும் பதில் தெரியவில்லை. சாப்பிடுவது, குளிப்பது போன்ற அன்றாடக் காரியங்களைப் பிள்ளைக்குப் பழக்குவதுதான் அது என்று பிறகுதான் புரிந்தது.

முதல் நாள் ஓ.டி. மேடம் அவனைத் தொடவே இல்லை. அவனை ஒரு மூலையில் சக்கரங்களோடு விளையாட விட்டுவிட்டு, என்னிடம் "காலையில் எழுந்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்" என்றார். பல் தேய்க்கும்போது எந்த இடத்தில் முகத்தைத் திருப்புகிறான், தயிர்சாதத்தைக் கையால் தொடுவானா, குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்துவானா, குதிகால் தரையில் படாமல் நடக்கிறானா, சட்டைக் காலரைக் கடிக்கிறானா, பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்காருவான் என்று கேட்டுக்கொண்டே போனார். ஒரு மணி நேரம் எழுதினார். அதுவரை எந்த இடத்திலும் என் பிள்ளையால் எது முடியாது என்றுதான் கேட்டிருந்தார்கள். அவன் நாள் எப்படிப் போகிறது என்று கேட்டது அவர்தான்.

கடைசியில், "இதில் எது ஒன்று மாறினால் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு விட முடியும்?" என்றார். பேச்சு வர வேண்டும் என்றேன். "அதைப் பேச்சுப் பயிற்சியாளரோடு சேர்ந்து பார்ப்போம். வீட்டில் சிரமமாக இருக்கிற காரியம் ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார். அதுவரை பேசாமலிருந்த என் கணவர், "முடி வெட்டுவது" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தூக்கத்தில் வெட்டியதையும் அவரே சொன்னார். மேடம் திட்டவில்லை. "இன்று முதல் அதை நிறுத்துங்கள். முடி வளரட்டும். முதலில் தூக்கம் அவனுக்குத் திரும்பக் கிடைக்கட்டும்" என்றார்.

பிறகு என் கையை நீட்டச் சொன்னார். விரல்நுனியால் முழங்கையின் உட்புறத்தில் மெல்ல, பூச்சி ஊர்வது போல, ஒரு கோடு இழுத்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்து அதே இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். சிலிர்ப்பு அடங்கியது. "லேசான தொடுதல்தான் இவனுக்குப் பெரிய தொல்லை. நீங்கள் அன்பாக மெதுவாகத் தடவுகிறீர்கள், அது அவனுக்கு முள்ளாக இருக்கிறது" என்றார். கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று பள்ளியில் ஐந்துதான் படித்தோம். உட்செவியிலிருந்து வரும் சமநிலை உணர்வும், கைகால் எங்கே எப்படி இருக்கிறது என்று தசையிலும் மூட்டிலும் இருந்து வரும் உணர்வும் உண்டு என்பதை அன்றுதான் கேட்டேன். ஒரே பிள்ளைக்கு ஒன்று மிகையாகவும் இன்னொன்று குறைவாகவும் எட்டலாம். தொடுதல் தாங்காத என் மகன்தான் சோபாவிலிருந்து தொம்மென்று குதித்துக்கொண்டே இருப்பான். அவன் மூட்டுகள் அந்த அழுத்தத்தைக் கேட்கின்றன என்றார். கோயிலில் அவன் பிடிவாதம் பிடிக்கவில்லை, அவனுக்கு வலித்தது. இந்த ஒரு விஷயம் புரிந்த பிறகு எங்கள் வீட்டில் எல்லாம் மாறத் தொடங்கியது.

நான் இணையத்தில் பார்த்து வைத்திருந்த விலை உயர்ந்த ஊஞ்சலைப் பற்றிக் கேட்டேன். "வீட்டில் நூல் சேலை இல்லையா?" என்றார். உத்தரத்தில் கட்டிய தூளி ஐந்து வயதில் மறுபடியும் எங்கள் வீட்டுக்கு வந்தது. முன்னும் பின்னுமாக ஒரே சீராக, மெதுவாக ஆட்ட வேண்டும். அது உடம்பை அமைதிப்படுத்தும். சுற்றிவிட்டால் துள்ளல் கூடிவிடும், அதனால் படுக்கும் நேரத்தில் சுற்றக் கூடாது. ஆட்டும்போது பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அவன் இறங்க வேண்டுமென்றால் உடனே நிறுத்த வேண்டும். காலரைக் கடிப்பதற்கு எங்கள் ஊர்ச் சரக்கே மருந்தானது. பள்ளிக்குப் போகும் முன் ஒரு கடலை மிட்டாய். நன்றாக உட்கார்ந்து, மென்று தின்றுவிட்டுத்தான் எழ வேண்டும். தாடைக்கு அந்த வேலை கிடைத்ததும் இரண்டே வாரத்தில் காலர் ஈரமாவது குறைந்தது. மாலையில் சின்னக் குடத்தில் பாதித் தண்ணீர் பிடித்து முற்றத்துச் செடிகளுக்குச் சுமந்து போய் ஊற்றுவான். சப்பாத்தி மாவை அவன்தான் பிசைவான். அத்தை அவனருகில் உட்கார்ந்து மாவை அழுத்திப் பிசையக் காட்டிக்கொடுத்தார். என்ன தொழில் என்று அவர் கேட்ட கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது என்று நினைக்கிறேன். அதன் பிறகு அவர் அதைக் கேட்கவில்லை.

தொடுதல், அசைவு, அழுத்தம் போன்ற உணர்வுகளைப் பிள்ளை சமாளிக்கப் பழக்கும் இந்த வழிக்குப் புலன் ஒருங்கிணைப்பு முறை என்று பெயர். அதற்கு அடித்தளம் போட்டவர் ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஓ.டி. நிபுணர். 1972-இல் அவருடைய முக்கியமான நூல் வந்தது. இந்த முறைக்கான ஆதாரம் இன்னும் போதுமானதாக இல்லை என்று 2012-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாதெமி பெற்றோருக்கு வெளிப்படையாகச் சொல்லும்படி மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. எங்கள் மேடமும் இதை மறைக்கவில்லை. "ஊஞ்சல் ஆடினால் பேச்சு வரும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒரு காரியத்தை எடுத்துக்கொள்வோம், எட்டு வாரம் செய்வோம், குறித்து வைப்போம். மாறவில்லை என்றால் வழியை மாற்றுவோம்" என்பார். அதற்காக எனக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் போடச் சொன்னார். அவர் சொன்னதை நான் நம்பியதற்கு அந்த நோட்டுதான் காரணம்.

முடிக்கு வருகிறேன். முதல் மாதம் கத்தரிக்கோல் என்ற பேச்சே இல்லை. குளித்த பிறகு, அவன் பார்க்கும்படி எதிரில் நின்று, "தலையை அழுத்தட்டுமா?" என்று கேட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் உச்சியை அழுத்தி ஐந்து வரை எண்ணுவேன். அவன் தலையை நகர்த்தினால் கையை எடுத்துவிட வேண்டும், எண்ணிக்கை முடிந்திருக்காவிட்டாலும். இதற்காக ஓர் அட்டை செய்தோம், சிவப்பு உள்ளங்கை படம் போட்டு "போதும்" என்று எழுதியது. பேச்சு வராத பிள்ளை அதைத் தொட்டால் வீட்டில் யாராக இருந்தாலும் செய்வதை நிறுத்த வேண்டும். முதல் வாரம் எதற்கெடுத்தாலும் தொட்டான். சாதம் ஊட்டும்போது, விளக்கைப் போடும்போது, அத்தை சுலோகம் சொல்லும்போதுகூட. ஒவ்வொரு முறையும் நிறுத்தினோம். அட்டை பொய் சொல்லாது என்று தெரிந்த பிறகு தொடுவது தானாகக் குறைந்தது. அந்த மாதக் கடைசியில் படுக்கையில் தானாகவே போய்ப் படுத்தான்.

என் மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவனுக்கு நான்கு வயது மூத்தவள். எங்கள் கவனம் முழுக்க இவன் பக்கம் போனதில் அவள் வாடிப்போனதை நான் கவனிக்கவில்லை, மேடம்தான் கவனித்தார். ஒரு சனிக்கிழமை அவளை மட்டும் தனியாக உட்கார வைத்துப் பேசினார். "தம்பிக்குச் சொல்லிக்கொடுப்பது உன் வேலை இல்லை. உனக்குப் பிடித்திருந்தால் விளையாடு" என்றாராம். அன்றிலிருந்து வாரம் ஒரு மாலை அவளுக்கும் எனக்கும் மட்டும் என்று ஒதுக்கினேன். பெரும்பாலும் பஸ் நிலையம் வரை நடந்துபோய் பால் பன் தின்றுவிட்டு வருவோம்.

இரண்டாம் மாதம் கடைக்குப் போகச் சொன்னார். சலூன்களுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. எங்கள் தெருமுனைக் கடைக்கார அண்ணனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "செவ்வாய் சாயங்காலம் வாருங்கள், பாதி ஷட்டரைத் தூக்கி வைக்கிறேன்" என்றார். செவ்வாயன்று முடி வெட்டுவதாவது என்று அத்தை பதறினார். வெட்டப் போவதில்லை, சும்மா உட்காரத்தான் என்று விளக்கினேன்.

முதல் செவ்வாய் வாசற்படி வரை. இரண்டாவது செவ்வாய் உள்ளே போய்க் கண்ணாடியைப் பார்த்தான். மூன்றாவதில் நாற்காலியில் ஏறினான், அண்ணன் மிதியை அழுத்தி அதை உயர்த்தியதும் சிரித்தான். இறங்க மறுத்துவிட்டான். நான்காவது, மெஷினை அணைத்த நிலையில் அவன் கையில் கொடுத்தோம். ஐந்தாவது, மெஷினை ஓடவிட்டதும் காதைப் பொத்திக்கொண்டு ஓடிப்போனான். ஆறாவது செவ்வாய் மறுபடியும் வாசற்படிதான். அன்று நான் உடைந்துபோனேன். நோட்டைப் பார்த்த மேடம், "மெஷினை விட்டுவிடலாமே. கத்தரிக்கோல் போதும்" என்றார். அவ்வளவுதான். மெஷின் எங்கள் பட்டியலிலிருந்து போனது.

கழுத்தில் கட்டும் துணியும் போனது. அதற்குப் பதிலாக அவனுடைய பழைய, காலர் வைத்த சட்டை. முடியை நன்றாக நனைத்துவிட்டால் துணுக்குகள் பறந்து குத்தாது. வெட்டும் முன் என் உள்ளங்கையால் அழுத்தம். அவனுக்கு எண்கள் பிடிக்கும் என்பதால் ஒவ்வொரு வெட்டையும் எண்ணுவது, பத்து ஆனதும் ஓய்வு. முடிந்ததும் நேரே வீடு, குளியல். இவற்றைப் படமெடுத்து வரிசையாக ஓர் அட்டையில் ஒட்டினோம்.

இடையில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கும் வேலையையும் முடித்தோம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. 40 கேள்விகள் கொண்ட இந்திய ஆட்டிச அளவுகோலில் மதிப்பிட்டு 60 சதவீதம் என்று கொடுத்தார்கள். பெரும்பாலான உரிமைகளுக்கு 40 சதவீதமாவது வேண்டும். இந்தச் சான்றிதழ் கையில் இருந்தால், மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும், ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். பிள்ளையைப் பற்றிய நோட்டை அங்கேயும் எடுத்துப் போங்கள். அவன் அந்த அறையில் அரை மணி நேரம் அமைதியாக இருந்துவிட்டால், வீட்டில் நடப்பதை அதுதான் எடுத்துச் சொல்லும்.

பதினொன்றாவது முறை போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. செவ்வாயில் வெட்ட அத்தை சம்மதிக்கவில்லை, அதனால் அண்ணன் காலை ஆறு மணிக்கே கடையைத் திறந்து வைத்திருந்தார். மின்விசிறியை நிறுத்தி, வானொலியை அணைத்திருந்தார். என் மகன் நாற்காலியில் ஏறி, "போதும்" அட்டையை மடியில் வைத்துக்கொண்டான். நான் தலையை அழுத்தினேன். அண்ணன் "ஒன்று" என்றார். கத்தரிக்கோல் சத்தத்துக்குத் தோள்கள் காதுவரை ஏறின. "இரண்டு", "மூன்று". ஏழாவது வெட்டில் தோள்கள் இறங்கின. பத்தில் ஓய்வு. மறுபடி பத்து. அவன் உதடுகள் சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டிருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.

எட்டாவது பத்தின் நடுவே, இடது காதுக்குப் பின்னால் கை போனபோது, அவன் அட்டையைத் தொட்டான். அண்ணன் அந்த நொடியே கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டார். காதுக்குப் பின்னால் இரண்டு விரல் அகலத்துக்கு முடி நீளமாகவே நின்றது. "இன்னும் மூன்று வெட்டுதான்" என்று என் வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவனே நாற்காலியிலிருந்து இறங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

திங்கட்கிழமை அந்த நீள முடியோடுதான் பள்ளிக்குப் போனான்.