ஓ.இ.இ. குறைஞ்சா ஆபரேட்டர் மட்டும்தான் காரணமா?

கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கத்துல இருந்து ஆந்திராவுல இருக்கிற ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு கம்பெனி பஸ் ஏறுற மெஷின் ஷாப் தம்பிகளுக்கு: அப்ரைசல்ல "உன் ஓ.இ.இ. 76"ன்னு ஒரே நம்பரைக் காட்டினா, மூணாப் பிரிச்சுக் கேளுங்க. ஓ.இ.இ.ன்னா (OEE) மெஷின் எவ்வளவு முழுசா வேலை செஞ்சுதுன்னு சொல்ற சதவீதம்.

480 நிமிஷ ஷிஃப்ட்ல சாப்பாடு, டீ 30 போக 450. பிரேக்டவுன், டூல் மாத்துறதுல 50 போனா ஓடினது 400, அவைலபிலிட்டி 88.9%. பீஸுக்கு 1 நிமிஷம்னா 400 வரணும், 360 வந்தா பெர்ஃபாமன்ஸ் 90%. அதுல நல்ல பீஸ் 342, குவாலிட்டி 95%. பெருக்கினா 76.

சண்டை வர்றது நடு நம்பர்லதான், அதாவது பெர்ஃபாமன்ஸ்ல. சிப் (வெட்டி விழுற இரும்புச் சுருள்) சிக்குறது, சென்சார் ட்ரிப்னு ஒண்ணு ரெண்டு நிமிஷ நிறுத்தத்தை யாரும் எழுதுறதில்ல. எல்லாம் "ஆபரேட்டர் ஸ்லோ" கணக்குல விழும். ஒரு பீஸுக்கு இவ்வளவு நேரம்னு போட்டிருக்கிற சைக்கிள் டைமையும் பாருங்க. லோடிங், கிளாம்பிங் சேர்க்காம வெட்டுற நேரத்தை மட்டும் போட்டிருந்தா 100% எவனாலயும் தொட முடியாது.

நின்ன நேரம், திரும்ப ஓடின நேரம், காரணம், மூணையும் அப்பவே எழுதுங்க. ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு நம்பர் வெச்சு அதை எழுதுங்க, தெலுங்கு சூப்பர்வைசரும் படிக்கணும்ல. ஷிஃப்ட் முடியறதுக்குள்ள கையெழுத்து வாங்கிடுங்க. மறுநாள் போட மாட்டாங்க.

ஓ.இ.இ. 85% வரணும்னு மிரட்டுவாங்க. ஓ.இ.இ.யைக் கொண்டுவந்த ஜப்பான்காரர் செய்ச்சி நகாஜிமா கணக்குல அது 90%, 95%, 99% மூணோட பெருக்கல், கிட்டத்தட்ட 85. தினம் நாலு தடவை செட்டப் மாத்துற மெஷினுக்கு அதே டார்கெட் வைக்கிறது அநியாயம்.