இரண்டு மணி லாரி

இரவு இரண்டு மணிக்கு வரும் டாங்கர் லாரியின் சத்தம் எனக்குத் தனியாகத் தெரியும். எங்கள் நிலையத்தின் பின்வாசலில் சாலை சற்றே சரிந்து இறங்குகிறது. அந்தச் சரிவில் ஓட்டுநர் பிரேக்கை அழுத்தும்போது, உள்ளே இருக்கும் சரக்கு முன்பக்கம் வந்து மோதித் திரும்பும். அந்த மோதலைக் கேட்டே வந்திருப்பது தண்ணீரா கூழா என்று ஓரளவு சொல்லிவிடலாம். இதைக் கற்க எனக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின. கற்றுக்கொடுத்தவர் ஒரு லாரி ஓட்டுநர்.

நான் வேலை செய்வது கலிஃபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவை ஒட்டிய ஒரு நடுத்தரக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில். ஊரின் சாக்கடை நீர் குழாய் வழியாக எங்களிடம் வந்து சேர்கிறது. லாரியில் வருவது வேறு. உணவகங்களின் கழிவுக்குழாயில் கொழுப்பைத் தடுத்து நிறுத்தும் பொறிகளில் உறைந்த எண்ணெய்ப் பிசுக்கு, பாலாடைக்கட்டி ஆலைகளில் மிஞ்சும் வெளிறிய மோர்நீர், பழச்சாறு ஆலைகளைக் கழுவிய நீர், கடைகளில் விற்காமல் போய் அரைத்துக் கூழாக்கப்பட்ட உணவு. சாக்கடையில் விட்டால் இவை குழாயை அடைக்கும், குப்பைமேட்டில் கொட்டினால் மக்கி மீத்தேனாக வானத்துக்குப் போகும். எங்களிடம் வந்தால் அதே மீத்தேனை மூடிய கலனுக்குள் பிடித்து, எஞ்சினில் எரித்து, மின்சாரமாக்குகிறோம். பின்வாசலில் அந்த லாரிகளை நிறுத்தி, சரக்கு விவரம் எழுதிய தாளைப் பார்த்து, குழாய் மாட்டி, சரக்கை இறக்கிக்கொள்வது என் பொறுப்பு.

எங்களைப் போன்றவர்களுக்கு இந்த வழியைக் காட்டியது ஓக்லாந்தில், பே பாலத்தின் கிழக்கு முனையருகே இருக்கும் ஈஸ்ட் பே பகுதியின் குடிநீர், கழிவுநீர் வாரியம் நடத்தும் நிலையம். அந்தப் பகுதியில் ஒரு காலத்தில் பழங்களைப் பதப்படுத்தி டப்பாவில் அடைக்கும் ஆலைகள் நிறைய இருந்தன. ஆலைகள் ஒவ்வொன்றாகப் போனதும் நிலையத்தின் கொள்ளளவில் பெரும் இடம் வெறுமனே கிடந்தது. அந்த வெற்றிடத்தை நிரப்ப 2002 முதல் லாரிக் கழிவை வாங்கத் தொடங்கினார்கள். 2012-ல், தனக்குத் தேவையானதைவிட அதிக மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்த வட அமெரிக்காவின் முதல் கழிவுநீர் நிலையம் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் அதன் அருமை முழுதாகப் புரியும். கழிவுநீருக்குள் காற்றை ஊதும் ஊதுவான்கள் மட்டுமே எங்கள் மின்கட்டணத்தில் பாதியை விழுங்குகின்றன. அந்த மின்சாரத்தை உணவகங்களின் பிசுக்கிலிருந்து எடுக்க முடிகிறது என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் நிறைகிறது.

பிசுக்கை மின்சாரமாக்கும் கலனை டைஜெஸ்டர் என்கிறோம். எங்களுடையது ஒவ்வொன்றும் நான்கு மாடி உயரக் கான்கிரீட் உருளை. உள்ளே காற்று கிடையாது. சூடு 37 டிகிரி, ஏறக்குறைய நம் உடம்பின் சூடு. போட்டது வெளியே வர 20 நாட்களாகும். அதற்குள் இரண்டு நுண்ணுயிர்க் கூட்டங்கள் வேலை செய்கின்றன. முதல் கூட்டம் சர்க்கரையையும் கொழுப்பையும் உடைத்து அமிலமாக்கும். அது வேகமானது, மணிக்கணக்கில் பெருகிவிடும். இரண்டாவது கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் தரும். அது இரட்டிப்பதற்கே நாட்கணக்காகும். அமிலம் வரும் வேகத்துக்கு இரண்டாவது கூட்டத்தால் ஈடுகொடுக்க முடியாவிட்டால் அமிலம் தேங்கும், தேங்கிய அமிலம் அந்தக் கூட்டத்தையே முடக்கும். புளித்துவிட்டது என்று சொல்வோம்.

எனக்கு இதில் புதிதாக ஒன்றும் இருந்திருக்கக் கூடாது. ஈரோட்டுப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் சாண எரிவாயுக் கலன் இருந்தது. கிணறு போன்ற தொட்டி, அதன் மேல் மிதக்கும் இரும்பு டிரம் என்று காதி கமிஷன் பரப்பிய வகை. வாயு சேர்ந்தால் டிரம் எழும்பும், அடுப்பு எரிந்தால் இறங்கும். அப்பத்தா தினமும் காலையில் சாணத்தையும் தண்ணீரையும் சரிபாதி எடுத்துக் கையாலேயே கரைப்பார். வைக்கோல் துணுக்குகளைப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் ஊற்றுவார். எங்கள் மாடு விற்றுப்போன ஒரு மாதம் பக்கத்து வீட்டுச் சாணம் வாங்க நேர்ந்தது. கூடையை இறக்கும் முன்பே, "மாட்டுக்கு என்ன தீனி போட்டீர்கள்?" என்று அவர்களிடம் கேட்டார். சாணத்தைக் கேட்டால் தீனியைப் பற்றி விசாரிக்கிறாரே என்று அன்று எனக்குத் தோன்றியது.

என் ஐந்தாவது ஆண்டில், மே மாதக் கடைசியில் வரும் நீண்ட விடுமுறை வாரம். சனிக்கிழமை இரவு இரண்டு மணிக்கு அந்த லாரி வந்தது. ஓட்டுநர் பஞ்சாபி. கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் லாரித் தொழிலில் பஞ்சாபிகள் அதிகம். அவர் என்னை வீர்ஜி என்பார், நான் அவரைப் பாஜி என்பேன், பேச்சு இந்தியிலும் ஆங்கிலத்திலுமாக நடக்கும். என்னைவிட இருபது வயது மூத்தவர். தாளில் "பழச்சாறு ஆலை, கழுவுநீர்" என்று இருந்தது. பல மாதங்களாக வந்துகொண்டிருந்த சரக்குதான்.

குழாயை மாட்டும் முன்பு அவர் சொன்னார்: "வீர்ஜி, இன்று ஏதோ வேறு மாதிரி இருக்கிறது. டாங்க் நிறையவில்லை, எடை நிறைந்துவிட்டது. சரிவில் பிரேக் போட்டேன், மோதவே இல்லை."

"தாளில் கழுவுநீர் என்றுதானே இருக்கிறது, பாஜி."

"தாளில் அப்படித்தான் இருக்கிறது" என்றார். குழாயை மாட்டினார்.

இறக்கியபோது அளவுமானி வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டியது. அதையும் நான் பதிவேட்டில் எழுதினேன். எழுதிவிட்டு அடுத்த லாரிக்குப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதே ஆலையிலிருந்து இன்னும் இரண்டு லாரிகள் வந்தன.

வந்தது கெட்டியான சர்க்கரைப் பாகு. காலாவதியான பாகை ஆலையில் யாரோ கழுவுநீர்த் தொட்டியிலேயே திறந்துவிட்டிருக்கிறார்கள், தாளை வழக்கம்போல் நிரப்பியிருக்கிறார்கள். கழுவுநீர் என்றால் ஒரு லாரியில் சில நூறு கிலோ சர்க்கரை கரைந்திருக்கும். கெட்டிப் பாகு என்றால் அது 10 டன்னைத் தாண்டும். டாங்க் நிறையும் முன்பே எடை நிறைந்ததற்கு, சரக்கு தண்ணீரைவிட அடர்த்தியானது என்பதைத் தவிர வேறு பொருளே கிடையாது. பத்தாம் வகுப்பு இயற்பியல் படித்தவன் சரிவிலேயே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

திங்கள் காலை வாயுவின் அளவு ஏறியிருந்தது. பணிமாற்றக் குறிப்பில் அதை நல்ல செய்தியாகவே எழுதினேன். ஏறியது கரியமில வாயு. மாலையில் மீத்தேன் 62 விழுக்காட்டிலிருந்து 54-க்கு இறங்கியிருந்தது. ஆய்வகத்தில் அமிலத்துக்கும் காரத்தன்மைக்குமான விகிதத்தைப் பார்த்தார்கள். 0.15-ல் நிற்க வேண்டியது 0.5-ஐத் தொட்டிருந்தது. செவ்வாய் விடியற்காலையில் நுரை மேலே ஏறி வாயுக்குழாயை அடைத்து, அழுத்தம் விடும் வால்வு வழியாகப் பொங்கி, நான்கு மாடிச் சுவரில் பழுப்பாக வழிந்தது. அந்த நாற்றத்தை வேறு எதனோடும் ஒப்பிட எனக்குத் தெரியவில்லை. பக்கத்துக் குடியிருப்பிலிருந்து தொலைபேசி அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. சிறு குழந்தை வைத்திருந்த ஒரு தாய் கோபப்படாமல், "ஜன்னலைத் திறக்கலாமா என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார். அந்தக் குரலை நான் மறக்கவில்லை.

அந்த டைஜெஸ்டர் தேற 22 நாட்கள் ஆயின. தீனியை நிறுத்தினோம். சமையல் சோடாவை மூட்டை மூட்டையாகக் கரைத்து ஊற்றினோம். பக்கத்து டைஜெஸ்டரிலிருந்து நல்ல கசடை எடுத்து, தயிருக்கு உறை ஊற்றுவது போல உள்ளே விட்டோம். சூடு குறையாமல் காத்தோம். இதற்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அந்த உயிர்கள் தங்கள் வேகத்தில்தான் பெருகும், நம் அவசரம் அவற்றுக்குத் தெரியாது. அந்த நாட்களில் எஞ்சின் நின்றிருந்தது, மின்சாரத்தை வெளியிலிருந்து வாங்கினோம்.

நடந்ததற்கான காரணம் "அறிவிக்கப்படாத சரக்கு" என்று விசாரணை அறிக்கையில் எழுதினார்கள். என் மேலதிகாரி எனக்கு உதவும் எண்ணத்தில்தான் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார். நான் ஏற்கவில்லை. சரக்கு அறிவிக்கப்பட்டது. என்னிடம், வாய்மொழியாக, சனிக்கிழமை இரவு இரண்டு மணிக்கு. அறிக்கையைத் திருத்தச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன், திருத்தினார்கள். தாளில் இருப்பதைச் சரிபார்க்கப் பழக்கியிருந்தார்களே தவிர, தாளைச் சுமந்து வருபவரிடம் கேட்க யாரும் பழக்கவில்லை. என் வீட்டில் ஒருவர் அதைப் பழக்கியிருந்தார், அதை நான் ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

பிறகு பல ஏற்பாடுகள் வந்தன. ஒவ்வொரு லாரியிலிருந்தும் ஒரு பாட்டில் மாதிரி எடுத்துக் குளிர்பெட்டியில் வைக்கிறோம். அடர்த்தி பார்க்காமல் இறக்குவதில்லை. லாரிச் சரக்கு நேராக டைஜெஸ்டருக்குப் போகாமல் ஒரு தாங்கு தொட்டியில் கலந்து, மணிக்குக் கொஞ்சமாக உள்ளே போகிறது. இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள், பெரிய நிலையங்கள் பலவற்றில் ஏற்கெனவே இருப்பவை. நான் கேட்டு வாங்கியது ஒன்றுதான்: பதிவேட்டில் "ஓட்டுநர் சொன்னது" என்று ஒரு பத்தி.

அந்தப் பத்தியில் வந்து சேர்ந்திருப்பவற்றைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். "புதிய சுத்திகரிப்புத் திரவம் வாங்கியிருக்கிறார்கள், கண் எரிகிறது" என்று ஒருவர். கிருமிநாசினி வந்தால் எங்கள் உயிர்கள் செத்துவிடும், அந்த லாரியைத் திருப்பி அனுப்பினோம். "சிப்பி உணவகம், அடியில் கரகரக்கிறது" என்று இன்னொருவர். ஓடுகள் டைஜெஸ்டரின் அடியில் படிந்தால் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை கலனைக் காலி செய்து ஆட்கள் இறங்கி வார வேண்டியிருக்கும். உணவுக் கூழில் பழங்களின் மேல் ஒட்டும் சிறு ஸ்டிக்கர்கள் ஆயிரக்கணக்கில் வரும். எந்தச் சல்லடைக்கும் தப்பி, கடைசியில் வயலுக்குப் போகும் உரத்தில் அப்படியே பளபளக்கும். வாழைப்பழத்தை உரிக்கும்போது அந்த ஸ்டிக்கரைத் தனியாக எடுத்துக் குப்பையில் போடுங்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்று என்னை உறுத்துவது வேறு. 2022 கோடையில் வளைகுடா துருப்பிடித்த நிறத்துக்கு மாறியது. பாசி பெருகியது, மீன்கள் செத்து ஒதுங்கின, வயதான பெரிய ஸ்டர்ஜன் மீன்கள்கூடக் கரையில் கிடந்தன. பாசிக்குத் தீனி நைட்ரஜன், அதில் பெரும்பகுதியை வளைகுடாவுக்குள் விடுவது எங்களைப் போன்ற நிலையங்கள். 2024-ல் வளைகுடாவின் நீர்த்தர வாரியம், நிலையங்கள் தங்கள் நைட்ரஜனை 2022-ஆம் ஆண்டின் அளவிலிருந்து பத்தாண்டுகளில் 40 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. டைஜெஸ்டர் கார்பனை வாயுவாக்கும், நைட்ரஜனைத் தொடாது. சரக்கில் வந்த புரதம் அம்மோனியாவாகி, கசடைப் பிழியும்போது நீரோடு வெளியேறி, மறுபடி எங்கள் தலைவாசலுக்கே வரும். உணவுக் கழிவைக் குப்பைமேட்டிலிருந்து விலக்க வேண்டும் என்கிறது 2016-ல் நிறைவேறிய மாநிலச் சட்டம். வளைகுடாவில் நைட்ரஜன் சேரக் கூடாது என்கிறது புதிய ஆணை. இரண்டும் சரி. இரண்டும் என் குழாய் முனையில் வந்து சந்திக்கின்றன.

போன குளிர்காலத்தில் ஒரு கோழி ஆலை தன் இரத்தக் கழிவை அனுப்ப முன்வந்தது. வாயு நிறையக் கிடைக்கும், கட்டணமும் நல்ல கட்டணம். வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் உள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் வசதி எங்களிடம் வரும்வரை நான் அதை இறக்க மாட்டேன். சக பணியாளர்கள் சிலருக்கு வருத்தம். கூட்டத்தில் ஒருவர், அந்த இரத்தம் வேறு எங்காவது போய்க் கேடு செய்யத்தானே போகிறது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் கொழுப்புக்கும் சர்க்கரைக்கும் முதலிடம் என்று நான் வகுத்த வரிசையை இன்னும் மாற்றவில்லை.

பாஜி இப்போது வாரத்தில் மூன்று இரவுகள் மட்டும் ஓட்டுகிறார். முழங்கால் வலி. நேற்று வந்தபோது சரிவில் ஒருமுறை பிரேக்கை அழுத்திவிட்டு, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். மோதல் தாமதமாகவும் கனமாகவும் வந்தது.

"கொழுப்பு. குளிரில் உறைந்திருக்கிறது" என்றேன்.

"பாதி உறைந்திருக்கிறது. வெந்நீர் வைத்திருக்கிறாயா?"

வைத்திருந்தேன். குழாயை மாட்டும் முன்பு அவர் சொன்னதை அப்படியே பத்தியில் எழுதினேன்: டாங்க் நிறைவு, எடை சரி, பாதி உறைந்தது.