கேப்டன் கிர்க்கும் எங்கள் ஆயாவும்

'ஃப்ரீ என்டர்பிரைஸ்' என்னும் அமெரிக்க நகைச்சுவைப் படத்தை, காட்பாடி வெயிலில் மின்விசிறியும் அனலையே வீசிக்கொண்டிருந்த ஒரு மதியத்தில் பார்த்து முடித்தேன். 1999-இல் வெளிவந்த, மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட படம் அது. முப்பது வயதை நெருங்கும் இரு நண்பர்கள், சிறுவயதில் பார்த்த 'ஸ்டார் ட்ரெக்' என்னும் விண்வெளித் தொலைக்காட்சித் தொடரை வைத்தே காதலையும் வேலையையும் எடைபோடுகிறார்கள். அவர்களில் ஒருவன் கையில் வரும் காசையெல்லாம் பொம்மைகளிலும் வீடியோ வட்டுகளிலும் கரைத்துவிடுகிறான். விண்வெளியைக் காட்டப் பணமில்லாததால் படத்தின் பெரும்பகுதி உணவகங்களிலும் வீட்டுக் கூடத்திலும் பேச்சாகவே ஓடுகிறது. சில இடங்களில் அந்தப் பேச்சு சலிப்பூட்டுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அந்தத் தொடரில் விண்கலத்தின் தலைவரான கேப்டன் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர், வில்லியம் ஷாட்னராகவே வந்து நின்றதும் படம் நிமிர்ந்துவிடுகிறது. தன்னை வழிகாட்டும் தெய்வம்போலக் காட்ட நினைத்த முதல் திரைக்கதையை அவர் ஏற்கவில்லை என்றும், தன்னையும் அந்த இளைஞர்களைப் போலவே தடுமாறும் மனிதனாக எழுதச் சொன்னார் என்றும் படித்திருக்கிறேன். ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தை இசை நாடகமாக்கி, ஏறக்குறைய எல்லா வேடங்களிலும் தானே நடிக்கவேண்டும் என்று அலையும் அந்த மனிதரைக் கண்டு, முதலில் திகைத்துப்போவது அவருடைய பக்தர்கள்தான்.

1966 முதல் 1969 வரை, மூன்றே பருவங்களில், 79 பகுதிகளோடு முடிந்துபோன ஒரு தொடரை மனிதர்கள் இப்படியும் சுமப்பார்களா என்று கேட்கும் தகுதி எங்கள் குடும்பத்துக்கு இல்லை. 1987-இல் தூர்தர்ஷனில் இராமாயணம் தொடங்கியபோது, வேலப்பாடியில் எங்கள் வீட்டுக் கறுப்பு வெள்ளைப் பெட்டியின் முன்னால் ஞாயிறுதோறும் ஆயா கோலமிட்டுக் கற்பூரம் காட்டுவார். இந்தியில் ஒரு சொல்கூட அவருக்குத் தெரியாது. கதை தெரியுமே, அது போதாதா? மாமா மாடியில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நிற்க, படத்தில் புள்ளிகள் பறந்தால் இராமருக்கே ஏதோ ஆகிவிட்டதுபோல ஆயா பதறுவார். அந்தத் தொடரில் இராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியை 1991-இல் குஜராத் மக்கள் நாடாளுமன்றத்துக்கே அனுப்பிவைத்தார்கள் என்ற செய்தியை மட்டும் அவரால் கடைசிவரை நம்ப முடியவில்லை.

திரையில் வருபவர் இராமர் அல்லர், வடநாட்டு நடிகர் ஒருவர் என்று மாமா ஒருநாள் அவருக்கு விளக்க முயன்றார். அந்த நடிகரின் பெயர் என்ன என்று ஆயா கேட்டார். அருண் கோவில் என்றார் மாமா. அந்தக் கோவில் எந்த ஊரில் இருக்கிறது, காட்பாடியிலிருந்து இரயில் உண்டா என்று ஆயா விசாரித்தார்.