அவன், அவள், அவங்க: சில துப்பறியும் நாவல்களைப் பற்றி

எங்கள் ஊரான சுங்கை சிப்புட், மலேசிய வரலாற்றுப் பாடநூலில் இடம்பிடித்ததே கொலைகளால்தான். 1948 ஜூன் 16 அன்று எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டமொன்றிலுமாக மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அந்தக் கொலைகளில் துப்பறிவதற்கு ஒன்றுமில்லை. கம்யூனிஸ்டுக் கெரில்லாக்கள் பட்டப்பகலில் வந்தார்கள், சுட்டார்கள், போனார்கள். தோட்டத்தில் துப்பறிய வேண்டியவை வேறு. யார் வீட்டு விளக்கு எத்தனை மணிக்கு அணைந்தது, யாருக்கு யார் எழுதிய கடிதம் கிராணியின் மேசையில் இரண்டு நாள் கிடந்தது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு யார் கண் சிவந்து வந்தார்கள் என்பவற்றையெல்லாம் லயத்தில் பத்து வயதுப் பிள்ளை கூடச் சொல்லிவிடும். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். தட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கஷாயம் கொதிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்த எனக்குத் துப்பறியும் கதைகள் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

அப்பா தோட்டத்து ஆபீசில் வேலை செய்தார். அவர் கொண்டுவந்து சேர்த்த தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகளைத்தான் நான் முதலில் படித்தேன். பிறகு எத்தனையோ மாத நாவல்கள். அவற்றை வாசித்த காலத்தில் நான் கவனித்த ஒரு சிறு தந்திரம் இன்றும் நினைவில் இருக்கிறது. கொலை நடக்கும் இரவில் சுவர் ஏறிக் குதிப்பவன் எப்போதுமே 'உருவம்'தான். உருவம் நின்றது, உருவம் திரும்பிப் பார்த்தது, உருவம் மறைந்தது. காரணம் எளிமையானது. தமிழில் வினைமுற்றே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். 'குதித்தான்' என்று எழுதினால் கதையில் வரும் பெண்கள் அனைவரும் அந்தக் கணமே விடுதலை, 'குதித்தாள்' என்று எழுதினால் ஆண்கள் அனைவரும் விடுதலை. ஆகவே எழுத்தாளர் ஆளை அஃறிணையாக்கி ஒளித்துவைப்பார். மலாய்க்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. 'டியா' என்ற ஒரே சொல் எல்லாருக்கும் போதும்.

இந்த இலக்கணச் சங்கதியை இப்போது நான் ஏன் கிளறுகிறேன் என்றால், கடந்த சில ஆண்டுகளாக நான் விரும்பிப் படித்துவருபவை ஆங்கிலத்தில் இளையோருக்காக எழுதப்படும் மர்ம நாவல்கள். அவற்றிலும் குறிப்பாகத் தன்பாலீர்ப்பு உடையவர்களும், பெண்ணென்று வளர்க்கப்பட்டாலும் ஆண்களான திருநம்பிகளும், ஆண், பெண் என்ற இரண்டில் எதிலும் அடங்காதவர்களும் முக்கியப் பாத்திரங்களாக வரும் நாவல்கள். பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியைக்கு இது என்ன ரசனை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். தொடங்கிவைத்தவள் என் அண்ணன் மகள். பள்ளியிறுதி எஸ்.பி.எம். தேர்வின் ஆங்கிலத் தாளுக்கு உதவும் என்று சொல்லி ஈப்போவில் என்னிடம் ஐம்பது வெள்ளிக்கு மேல் செலவு வைத்து வாங்கிய புத்தகத்தை, தேர்வு முடிந்ததும் என் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

அது கேரன் மெக்மானஸ் 2017இல் எழுதிய 'ஒன் ஆஃப் அஸ் இஸ் லையிங்'. பள்ளி முடிந்த பின் தண்டனையாக உட்காரவைக்கப்பட்ட ஐந்து மாணவர்களில் ஒருவன், குவளையில் தண்ணீர் குடித்ததும் மூச்சுத் திணறி விழுந்து, பிறகு இறந்துபோகிறான். நிலக்கடலை அவனுக்கு ஆகாது. குவளையிலோ கடலை எண்ணெய் இருந்திருக்கிறது. பள்ளித் தாதியின் அறையில் இருந்திருக்க வேண்டிய மருந்து ஊசிகளையும் காணவில்லை. இறந்தவன் சக மாணவர்களின் இரகசியங்களைச் செயலி ஒன்றில் வெளியிட்டு வந்தவன். மீதமிருக்கும் நால்வரைப் பற்றியும் அவன் எழுதி வைத்திருந்தான் என்பது தெரியவந்ததும் நால்வர் மீதும் சந்தேகம் விழுகிறது. அவர்களில் கூப்பர் என்ற பேஸ்பால் வீரன் ஒவ்வொரு பக்கத்திலும் எதையோ மறைக்கிறான். தொலைபேசி அடித்தால் வெளியே போய்ப் பேசுகிறான். தோழி இருந்தும் அவள்மேல் அவனுக்கு நாட்டமில்லை. நானும் என் பழைய சங்கர்லால் மூளையைக் கொண்டு, இவன்தான் குற்றவாளி என்று பென்சிலால் ஓரத்தில் குறித்தே விட்டேன். அவன் மறைத்தது இன்னோர் இளைஞன் மீதான காதலை. அந்தப் பென்சில் குறி இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை.

இந்த நாவல்களில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். மறைப்பவரெல்லாம் குற்றவாளி அல்லர் என்பது துப்பறியும் கதையின் அடிப்படைப் பாடம். துப்பறிபவரின் வேலையில் பாதி, கொலைக்குத் தொடர்பில்லாத பொய்களைப் பிரித்தெடுத்து ஓரமாக வைப்பது. தன் இயல்பை வீட்டிலும் ஊரிலும் மறைத்தே வாழ வேண்டியிருக்கும் ஒரு பதினாறு வயதுப் பிள்ளையைப் பற்றிப் பேசக் காதல் கதையைவிட, குடும்பக் கதையைவிட, மர்மக் கதை பொருந்துவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

முற்காலத்துக் குற்றக் கதைகள் இப்படியிருக்கவில்லை. அவற்றில் இத்தகைய ஆள் வந்தால் ஒன்று வில்லன், அல்லது மிரட்டலுக்கு ஆளாகி முதல் அத்தியாயத்திலேயே செத்துப்போகும் பிணம். இதற்குச் சட்டமும் ஒரு காரணம். பிரிட்டனில் ஆண்களுக்கிடையிலான உறவைத் தண்டிக்க 1885இல் கொண்டுவரப்பட்ட சட்டப்பிரிவை, மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கு எழுதிக் கொடுத்த சாசனம் என்றே அந்நாட்டார் அழைத்தார்கள். சிறைக்குப் பயந்து மனிதர்கள் பணம் கொடுத்தார்கள். பணம் பறிப்பவன் இருந்தால் கொலைக்குக் காரணமும் தயார். இங்கிலாந்தில் 1967இல் அந்த நிலை மாறத் தொடங்கியது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் தளர்ந்தது. நம் நாட்டின் குற்றவியல் சட்டமும் அந்த இந்தியச் சட்டத்தின் வழியில் வந்ததுதான். 377ஏ, 377பி பிரிவுகளின்படி 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் இன்றைக்கும் உண்டு. ரப்பர் கன்றையும் ஒப்பந்தச் சஞ்சிக் கூலியையும் கொண்டுவந்த அதே வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டம். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, சட்டம் அப்படியே இருக்கிறது.

பெரியவர்களுக்கான குற்றப் புனைவில் இந்தக் கணக்கை மாற்றியவர்களில் ஜோசப் ஹான்சன் முக்கியமானவர். 1970இல் வெளிவந்த 'ஃபேட்அவுட்' நாவலில் காப்புறுதி நிறுவனத்துக்காகத் துப்பறியும் டேவ் பிராண்ட்ஸ்டெட்டரே தன்பாலீர்ப்பாளர்; அவர் அதற்காக வெட்கப்படுவதுமில்லை. இளையோர் நாவல்களுக்கு அந்தத் துணிவு பரவலாக வந்து சேர இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன.

வந்த பிறகும் எல்லாம் சரியாகிவிடவில்லை. பாத்திரத்தின் இயல்பு அம்பலமாவதையே வெடிகுண்டாக வைத்து அத்தியாயத்தை முடிக்கும் பழக்கம் பல நாவல்களில் இருக்கிறது. அம்பலமான மறுநாள் அந்தப் பிள்ளை எப்படிப் பள்ளிக்குப் போனது என்று எழுதுவதற்குப் பொறுமை இருப்பதில்லை. மெக்மானஸ் எழுதுகிறார், ஆனால் கொஞ்சம் அவசரமாக எழுதுகிறார். கூப்பரின் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வதும் பாட்டி அவன் பக்கம் நிற்பதும் நமக்குத் தெரிந்த காட்சிகள்தாம். தோட்டத்திலும் பாட்டிமார்கள்தான் எதற்கும் முதலில் பழகிக்கொண்டார்கள். அவர்கள் பார்க்காதது என்ன இருக்கிறது?

ஃபரிதா அபிகே இயிமிடே 2021இல் எழுதிய 'ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்' அந்த மறுநாளை விட்டுவிடவில்லை. பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளியில் கறுப்பின மாணவர்கள் இருவர் மட்டும் இருக்கிறார்கள். ஒருத்தி தலைமை மாணவி சியமாகா. மற்றவன் உபகாரச் சம்பளத்தில் படிக்க வந்த டெவன், பியானோ வாசிப்பவன். முகம் தெரியாத ஒருவர் இருவரின் இரகசியங்களையும் குறுஞ்செய்தியில் பள்ளி முழுக்கப் பரப்புகிறார். டெவன் இன்னொரு பையனை முத்தமிடும் படம் முதலில் பரவுகிறது. பள்ளியில் அது வெறும் கேலி. அவன் குடியிருக்கும் ஏழைப் பகுதியிலோ உயிருக்கே ஆபத்து. ஒரே இரகசியத்துக்கு இரண்டு இடத்தில் இரண்டு விலை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய நாவலை நான் வேறு படித்ததில்லை. தோட்டத்து லயத்திலிருந்து பேருந்தில் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போய்வந்தவர்களுக்கு அந்த இரட்டைக் கணக்கு பழகியது. பள்ளியில் ஒரு முகம், வாசல் விளக்கடியில் ஒரு முகம். முடிவு எனக்குச் சற்று மிகையாகப்பட்டது. ஆனாலும் இரவு இரண்டு மணி வரை கீழே வைக்கவில்லை.

மோரீன் ஜான்சனின் 'ட்ரூலி டீவியஸ்' இதற்கு நேர்மாறானது. வெர்மாண்ட் மலையில் உள்ள பள்ளி ஒன்றில், 1936இல் நிறுவனரின் மனைவியும் மகளும் கடத்தப்பட்ட வழக்கை ஸ்டீவி என்ற மாணவி துப்பறிய வருகிறாள். அவளுடைய தோழி ஜனெல் பெண்ணை விரும்புபவள். ஜனெல் நேசிக்கும் வை என்பவரோ ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. அங்கே இது எவருக்கும் இரகசியமே அல்ல. எந்தத் துப்பும் இதில் தொங்கவில்லை. அவர்கள் பாட்டுக்குச் சண்டை போடுகிறார்கள், சமாதானமாகிறார்கள், கதை தன் வழியே போகிறது. வையைக் குறிக்க ஆங்கிலம் 'தே' என்ற பன்மைச் சொல்லை ஒருமையாக்கிப் படாத பாடு படுவதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம்மிடம் 'அவர்' இருக்கிறது. மரியாதைக்கென்று வைத்திருக்கும் அந்தச் சொல் ஆணா பெண்ணா என்று கேட்பதே இல்லை.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் தொட்டது ஏய்டன் தாமஸ் எழுதி 2020இல் வந்த 'செமெட்ரி பாய்ஸ்'. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் கல்லறைத் தோட்டமொன்றைக் காத்துவரும் ஒரு மரபினர். அவர்களில் பெண்கள் நோய் தீர்ப்பார்கள், ஆண்கள் அலையும் ஆவிகளைக் கட்டவிழ்த்து அனுப்பிவைப்பார்கள். யாத்ரியேல் திருநம்பி. ஆண்களுக்கான சடங்கை அவனுக்குச் செய்துவைக்கக் குடும்பம் மறுக்கிறது. ஒன்றுவிட்ட சகோதரி ஒருத்தியின் துணையோடு அவனே இரவில் அந்தச் சடங்கைச் செய்துகொள்கிறான். பிறகு, கொல்லப்பட்ட உறவினன் ஒருவனின் ஆவியைத் தேடப் போய், வேறொரு பையனின் ஆவியை எழுப்பிவிடுகிறான். அந்தப் பையன் எப்படிச் செத்தான் என்பதுதான் மர்மம்.

அந்தச் சடங்கு அத்தியாயத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கொள்ளி வைப்பது யார், காவடி தூக்குபவரைப் பிடித்துச் செல்வது யார், முனியாண்டிக்குப் படையல் போடும்போது யார் எட்ட நிற்க வேண்டும் என்பதெல்லாம் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சடங்கில் இடம் கிடைத்தால்தான் குடும்பத்தில் இடம். வாயால் 'நீ எங்கள் பிள்ளை' என்று எத்தனை முறை சொன்னாலும், கொள்ளிக்குடத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டால் அது வெறும் பேச்சு. யாத்ரியேலின் தந்தை கெட்டவர் அல்லர், மகன்மேல் பாசம் உள்ளவர். பாசத்தோடு மறுப்பவரிடம் வாதாடுவதுதான் கடினம் என்பதை ஏய்டன் தாமஸ் அறிந்து எழுதியிருக்கிறார்.

இந்தப் புத்தகத்தின் பிரதி ஒன்றை, பெயர் வேண்டாம், ஒரு வாசிப்பு அறைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் பழைய நாளிதழில் சுற்றித் திரும்பி வந்தது; காரணம் எழுதப்படவில்லை. ஆனால் ஏறக்குறைய நடுப்பக்கம் வரை மூலைகள் மடிக்கப்பட்டிருந்தன. யாரோ பாதி வரை ஆர்வமாகப் படித்திருக்கிறார்கள். கொலையாளி யார் என்று தெரியாமல் அந்த ஆள் இன்றுவரை தவித்துக்கொண்டிருப்பார் என்பது எனக்கு ஓர் அற்ப ஆறுதல்.

தமிழில் இப்படி எழுதலாமா? சிறுவர் மர்ம நாவல் நம் நாட்டுத் தமிழுக்குப் புதிதல்ல. சுங்கை பட்டாணியின் கே. பாலமுருகன் எழுதியிருக்கிறார், பிள்ளைகள் படிக்கிறார்கள். சொற்களும் இருக்கின்றன, திருநங்கை, திருநம்பி, பால்புதுமையினர் என்று மரியாதையான சொற்கள் புழக்கத்துக்கு வந்துவிட்டன. 'உருவம்' என்று ஆளை அஃறிணையாக்கி ஒளித்துவைக்கும் பழைய தந்திரத்தை விட்டுவிட்டு, 'அவர்' என்று உயர்திணையிலேயே ஒளித்துவைத்து ஒரு முழு நாவலை நடத்திக் காட்ட ஆள்தான் வேண்டும்.

நடத்திக் காட்டுபவள் ஒருத்தி எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள் என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. அண்ணன் மகள் இப்போது பினாங்கில் வேலை செய்கிறாள். மூன்று ஆண்டுகளாக அவள் பேச்சில் ஒருவர் வந்துகொண்டிருக்கிறார். 'அவங்க சமைச்சாங்க அத்தை', 'அவங்களுக்குக் காய்ச்சல் அத்தை', 'அவங்கதான் கார் ஓட்டுனாங்க.' பெயர் இல்லை, 'அவன்' இல்லை, 'அவள்' இல்லை. மூன்று ஆண்டில் ஒரு வினைமுற்று கூட வழுக்கவில்லை. ஆரம்பத்தில் எனக்குக் கை பரபரத்தது. இரண்டு கேள்வியில் விடை வந்துவிடும். நான் கேட்கவில்லை. அவளாகச் சொல்லும் அத்தியாயத்தை நான் முந்திக்கொண்டு புரட்டுவானேன்?

தீபாவளி முடிந்து அவள் புறப்பட்டபோது பலகாரத்தை இரண்டு டப்பாவாகக் கட்டினேன். ஒன்று உனக்கு, இன்னொன்று அவங்களுக்கு என்றேன். ஒரு நொடி என்னையே பார்த்தாள். பிறகு இரண்டாவது டப்பாவைத் திறந்து, நான் புந்தோங்கில் வாங்கி நிரப்பியிருந்த கச்சாங் பூத்தேயைக் காட்டி, "அவங்களுக்குக் கடலை ஆகாது அத்தை" என்றாள். முழுவதையும் கொட்டிவிட்டு, டப்பாவைச் சவர்க்காரம் போட்டு இரண்டு முறை கழுவித் துடைத்து, முறுக்கை மட்டும் நிரப்பிக் கொடுத்தேன்.